பென்சிலைக் கடைசி அரை அங்குலம் வரை பயன்படுத்துவது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

பென்னாகரத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு டியூஷன் ஆரம்பிக்கும். முதல் பத்து நிமிடம் யாரும் எழுத மாட்டார்கள், எல்லாரும் சீவிக்கொண்டே இருப்பார்கள். கிர்ர் கிர்ர் என்று சத்தம், அப்புறம் ஒரு "மிஸ், உடைஞ்சிடுச்சு", மறுபடியும் கிர்ர். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு பெரிய பிஸ்கட் டப்பாவை நடுவில் வைத்து, சீவல் எல்லாம் இதில்தான் விழவேண்டும் என்று சொல்லிவிட்டேன். மாதக் கடைசியில் டப்பா நிறைந்து வழிந்தது. அடியில் உடைந்த கறுப்பு முனைகள் மட்டும் ஒரு கைப்பிடி இருந்தன, எதுவும் ஒரு வரி கூட எழுதாத முனைகள். பிள்ளைகளின் நோட்டுகளைப் புரட்டினால் அந்த டப்பாவுக்கு ஏற்ற எழுத்து அதில் இல்லவே இல்லை.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. பென்சில் எழுதித் தீர்வதில்லை, சீவித்தான் தீர்கிறது. எழுதித் தீர்ப்பது எப்படி என்று என் அப்பாவிடம் பார்த்ததையும், பிள்ளைகளோடு உட்கார்ந்து நானே செய்து பார்த்ததையும் சேர்த்து இதில் எழுதுகிறேன். அப்பா தச்சு வேலை செய்தவர். ஒரு பென்சிலை ஒரு கதவு, நான்கு ஜன்னல், ஒரு கட்டில் என்று இழுத்துக்கொண்டே போவார்.

முதலில், உள்ளே என்ன இருக்கிறது

இது தெரியாமல் மற்றதைப் படித்தால் மனதில் நிற்காது. உள்ளே இருக்கும் கறுப்புக் குச்சியை நாம் லெட் என்கிறோம், ஆங்கிலத்தில் லெட் என்றால் ஈயம், ஆனால் உள்ளே ஈயம் கிடையாது. 16ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் பாரோடேல் என்ற இடத்தில் சுத்தமான கிராஃபைட் கிடைத்தபோது அதை ஈயத்தின் ஒரு வகை என்று நினைத்துவிட்டார்கள், அந்தப் பெயர் இன்றுவரை ஒட்டிக்கொண்டது. கிராஃபைட் என்பது கரி வகை, அதனால் தமிழில் கரிக்கோல் என்று சொல்வதுதான் உண்மையில் சரியான பெயர். நம் சிவகங்கையிலேயே கிராஃபைட் இருக்கிறது, தமிழக அரசின் டாமின் நிறுவனம் அங்கே வெட்டி எடுக்கிறது.

1795இல் பிரான்சில் கான்டே என்பவர், போர் காரணமாக இங்கிலாந்து கிராஃபைட் கிடைக்காமல் போனபோது, கிராஃபைட் தூளோடு களிமண்ணைக் கலந்து சுட்டுப் பார்த்தார். இன்றைக்கும் அடிப்படை அதேதான். தூளையும் களிமண்ணையும் தண்ணீர் விட்டுப் பிசைந்து, முறுக்கு பிழிவதுபோல் மெல்லிய குச்சியாகப் பிழிந்து, காயவைத்து, ஏறத்தாழ 1000 டிகிரி சூட்டில் சுட்டு, கடைசியில் மெழுகில் ஊறவைக்கிறார்கள். அதை வரிவரியாகப் பள்ளம் வெட்டிய மரப்பட்டையில் படுக்கவைத்து, மேலே இன்னொரு பட்டையைப் பசை போட்டு மூடி, அறுத்து எடுத்தால் பென்சில். நம் நாட்டுப் பென்சில்களுக்குப் பட்டை பெரும்பாலும் காஷ்மீர் புல்வாமா பக்கத்து பாப்லர் மரத்திலிருந்து வருகிறது.

இதில் மனதில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: உள்ளே இருப்பது சுட்ட மண். இரண்டு மில்லிமீட்டர் கனத்தில் ஒரு மண்பானை என்று வைத்துக்கொள்ளுங்கள். பானையைக் கீழே போட்டால் என்ன ஆகும்? பென்சிலைக் கீழே போட்டாலும் அதேதான் ஆகிறது, வெளியே மரம் மூடியிருப்பதால் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். உள்ளே மூன்று நான்கு இடத்தில் கீறல் விட்டிருக்கும். அப்புறம் சீவச் சீவ முனை கழன்று விழும், நாம் கம்பெனியைத் திட்டுவோம்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

பென்சிலின் பின்பக்கத்தை நேராகக் கண்ணுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். கறுப்புப் புள்ளி நட்டநடுவில் இருக்கிறதா? ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தால் அந்தப் பென்சில் வேண்டாம். எப்படிச் சீவினாலும் ஒரு பக்கம் மரம் முனைவரை ஏறி வரும், இன்னொரு பக்கம் லெட் வெறுமையாக நிற்கும், அழுத்தினால் போச்சு. பிறகு மேஜையில் வைத்து உருட்டுங்கள். ஆறு பட்டைப் பென்சிலும் நேராக இருந்தால் டக் டக் என்று ஒரே சீராக உருளும், வளைந்திருந்தால் தடுமாறும். இரண்டு பட்டைகள் ஒட்டிய கோடு பின்பக்கத்தில் மயிரிழையாகத் தெரியும், அந்த இடத்தில் இடைவெளி விட்டிருந்தால் அதையும் ஒதுக்குங்கள்.

ஒருமுறை மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒரு மொத்தக் கடையில் பன்னிரண்டு டஜன் வாங்கிவந்தேன். டப்பாவைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. பாதிக்கு மேல் லெட் ஓரத்தில் இருந்தது. பிள்ளைகள் சீவிச் சீவி அழுததைப் பார்த்த பிறகு, ஐந்து ரூபாய் பென்சிலாக இருந்தாலும் பின்பக்கம் பார்க்காமல் வாங்குவதில்லை.

அடுத்தது எண். எச் என்றால் கடினம், பி என்றால் கறுப்பு, எச்பி நடுவில், முன்னால் வரும் எண் கூடக் கூட அந்தக் குணமும் கூடும். களிமண் கூடினால் கடினம், கிராஃபைட் கூடினால் மென்மையும் கறுப்பும். நடராஜ் 621 மாதிரி சிவப்பில் கறுப்புக் கோடு போட்ட சாதாரண எச்பி, மூன்றாம் வகுப்புக்கு மேல் எழுதும் பிள்ளைகளுக்கு நன்றாகப் போதும். ஆனால் முதன்முதலாக எழுதப் பழகும் குழந்தைக்கு 2பி வாங்கிக் கொடுங்கள் என்பேன். அதன் விரலில் பலம் இல்லை, எச்பி கொடுத்தால் கறுப்பாக வரவேண்டும் என்று அழுத்தும், அழுத்தினால் முனை உடையும், கையும் வலிக்கும். 2பி சீக்கிரம் தேயும் என்பது உண்மைதான், அது உடைந்து வீணாவதைவிட தேய்ந்து தீரட்டுமே. ஜாமெட்ரி, வரைபடம், கிராஃப் எல்லாவற்றுக்கும் எச் அல்லது 2எச், கோடு மெல்லிசாக நிற்கும், கையில் ஒட்டாது. படம் வரைந்து நிழல் கொடுக்க 4பி, 6பி. வீட்டில் யாராவது மரவேலை செய்தால் ஆசாரிகள் வைத்திருக்கும் தட்டைப் பென்சில் ஒன்று வாங்கிவையுங்கள், சாய்ந்த பலகையில் வைத்தாலும் உருண்டு விழாது.

சீவுவது: பென்சிலின் ஆயுள் இங்கேதான் இருக்கிறது

ஷார்ப்னரிலிருந்து ஆரம்பிப்போம். பத்துப் பென்சில் டப்பாவோடு இலவசமாக வரும் ஷார்ப்னரை ஒரு வருடம் வைத்திருக்கிறீர்கள் என்றால் அது சீவவில்லை, பிய்க்கிறது. எப்படிக் கண்டுபிடிப்பது? சீவலைப் பாருங்கள். கூர் நன்றாக இருந்தால் சீவல் ஒரே நாடாவாக, ஓரத்தில் பெயின்ட் கலர் வளையத்தோடு, பூ மாதிரி சுருண்டு வரும். தூளாகவும் துணுக்காகவும் கொட்டினால் பிளேடு மழுங்கிவிட்டது. மழுங்கிய பிளேடு மரத்தை வெட்டாமல் லெட்டைப் பக்கவாட்டில் தள்ளுகிறது, சுட்ட மண் அந்தத் தள்ளலைத் தாங்காது. பிள்ளைகள் சீவச் சீவ முனை உடைவதற்குப் பாதிக் காரணம் இதுதான், பென்சிலில் குற்றமே இல்லை. புது ஷார்ப்னர் வாங்குங்கள், முடிந்தால் இரும்புநிற உலோக ஷார்ப்னராக வாங்குங்கள், பிளேடு ஆடாமல் இருக்கும். கலர் பென்சிலையும் க்ரேயானையும் அதிலேயே சீவினால் மெழுகு பிளேடில் அப்பிக்கொள்ளும். அவற்றுக்குத் தனியாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், அல்லது கலர் பென்சில் சீவியதும் ஒரு சாதாரணப் பென்சிலை இரண்டு சுற்று சீவினால் மெழுகு ஓரளவு வந்துவிடும். தண்ணீரில் கழுவ வேண்டாம், துருப்பிடிக்கும்.

இப்போது சீவும் விதம். ஷார்ப்னரை இடது கையில் அசையாமல் பிடியுங்கள், பென்சிலைச் சுற்றுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் இரண்டையும் எதிரெதிராகத் திருகுவார்கள், அப்போது பென்சில் கோணி லெட்டின் மேல் பக்கவாட்டுப் பளு விழும். நேராக உள்ளே விட்டு, தள்ளாமல், நிதானமாகச் சுற்றினால் பிளேடு தானே இழுத்துக்கொள்ளும். கறுப்பு முனை தெரிந்து கூர் வந்ததும் நிறுத்துங்கள். இன்னும் இரண்டு சுற்று என்று போகும் அந்த இரண்டு சுற்றில்தான் ஊசி முனை உள்ளேயே ஒடிந்து மாட்டிக்கொள்ளும், அதை எடுக்க இன்னொரு பென்சிலைக் குத்துவார்கள், அதுவும் ஒடியும்.

என் டியூஷனில் மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, ஒரு பக்கம் கையெழுத்து எழுதுவதற்குள் நான்கு தடவை எழுந்து சீவப் போவாள். ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். முனை உடையவே இல்லை, கொஞ்சம் மழுங்கியிருந்தது, அவ்வளவுதான். அவளிடம் ஒரு துண்டு உப்புத்தாளைக் கொடுத்து, முனையைச் சாய்த்துவைத்து உருட்டிக்கொண்டே நாலு தேய் தேய்க்கச் சொன்னேன். கூர் வந்துவிட்டது, மரம் ஒரு மில்லிமீட்டர்கூடக் குறையவில்லை. அவள் அந்த உப்புத்தாளை ஒரு ஐஸ்குச்சியில் ஒட்டி பாக்ஸில் வைத்திருக்கிறாள், இப்போது மற்ற பிள்ளைகள் அவளிடம் கடன் கேட்கிறார்கள். ஹார்ட்வேர் கடையில் 220ஆம் நம்பர் அல்லது அதைவிட நைஸான உப்புத்தாள் ஒன்று வாங்கி வெட்டினால் வகுப்புக்கே போதும். உப்புத்தாள் இல்லையா, நம் பக்கம் கல்லுக்கா பஞ்சம்? திண்ணைக் கருங்கல்லில் மெருகேறாத ஓரத்தில் லேசாகத் தேய்த்தாலும் வேலை நடக்கும். மழுங்கினால் தேயுங்கள், மரம் லெட்டை மூடிக்கொண்டு எழுத இடைஞ்சல் செய்தால் மட்டும் சீவுங்கள். இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள்.

கத்தியால் சீவுவது பெரியவர்களுக்கு. அப்பா உளியால் சீவுவார், பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருக்கும். பென்சிலை முனை வெளிப்பக்கம் பார்க்கும்படி இடது கையில் பிடிப்பார், உளியின் கூரை மரத்தின் மேல் படுக்கவைப்பார், வலது கை அசையாது, இடது கட்டைவிரல்தான் உளியின் முதுகைத் தள்ளும். ஒரு தள்ளு, ஒரு பட்டை திருப்பு, ஒரு தள்ளு. லெட்டின் மேல் உளி படவே படாது, மரத்தை மட்டும் ஒன்றரை அங்குலத்துக்குச் சரித்துவிட்டு, லெட்டை உப்புத்தாளில் தேய்த்து உளி முனை போலத் தட்டையாக்குவார். தட்டை முனை மூலமட்டத்தை (ஆசாரிகள் மூலை பார்க்கும் எல் வடிவக் கருவி) ஒட்டி இழுத்தால் ஒரே கனத்தில் நீளமாகக் கோடு போடும், ஊசி முனை இரண்டாவது கோட்டிலேயே மழுங்கிவிடும். ஸ்கேல் வைத்துக் கோடு போடுகிறவர்கள், கட்டிடப் படம் வரைகிறவர்கள், கோல நோட்டில் கட்டம் போடுகிறவர்கள் எல்லாரும் இதைப் பழகிக்கொள்ளலாம். பாதி பிளேடை வெறும் விரலில் பிடித்துச் சீவும் பழைய பழக்கத்தை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள்.

எழுதும்போது

பிடி முனைக்கு மிக அருகில் இருந்தால் பென்சில் செங்குத்தாக நிற்கும், விரல் வலிக்கும், அழுத்தம் கூடும். சீவிய மரம் முடிந்து பெயின்ட் ஆரம்பிக்கும் இடத்துக்குச் சற்று மேலே, முனையிலிருந்து ஒரு அங்குலம் விட்டு, கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றில் தாங்குங்கள். இரண்டு மூன்று வரிக்கு ஒருமுறை பென்சிலைக் கொஞ்சம் திருப்புங்கள். ஆறு பட்டை இருப்பது இதற்கு வசதி, ஒரு பட்டை நகர்த்தினால் போதும். ஒரே பக்கம் தேயாமல் சுற்றிலும் தேய்வதால் முனை தானே கூர்ந்துகொண்டு வரும், உப்புத்தாள்கூட அடிக்கடி வேண்டாம். இது ஒரு வாரத்தில் கைக்குப் பழகிவிடும்.

தாளுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதையும் பாருங்கள். சொரசொரப்பான சிமெண்ட் தரையில் ஒற்றைத் தாளை வைத்து எழுதினால் முனை ஒவ்வொரு மேட்டிலும் இடித்து ஒடியும். பரீட்சை அட்டையும் அதன்மேல் நாலைந்து தாளும் இருந்தால் கோடும் நன்றாக வரும், பென்சிலும் பிழைக்கும். இடதுகைப் பிள்ளைகளுக்கு எழுதிய வரியின் மேலேயே கை போகும், கறுப்பு அப்பும். கைக்கு அடியில் ஒரு துண்டுத் தாள் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், 2பிக்குப் பதில் எச்பி கொடுங்கள், கையை மாற்றச் சொல்லாதீர்கள்.

பேனா மை வெயிலில் வெளிறும், தண்ணீர் பட்டால் பல மைகள் ஓடும், பென்சில் எழுத்துக்கு இரண்டும் ஆகாது. தக்காளி, மாம்பழம் ஏற்றும் இடத்தில் ஈரக்கையோடு கணக்கு எழுதுகிறவர்களுக்கு நான் பென்சிலைத்தான் சொல்வேன். தருமபுரி அகழ்வைப்பகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போனாலும் ஆளுக்கு ஒரு எச்பியும் ஒரு நோட்டும் கொடுத்து, நடுகல்லில் வீரன் வில்லை எப்படிப் பிடித்திருக்கிறான் என்று பார்த்து வரையச் சொல்லுங்கள், போனில் எடுத்த படத்தைவிட அது மனதில் நிற்கும். ஆனால் கல்லின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து உருவம் எடுக்கக் கூடாது, அந்த விளையாட்டு பத்து ரூபாய் நாணயத்தோடும் மாவிலையோடும் போதும்.

ரப்பர் பற்றிச் சுருக்கமாக

அழுத்தி எழுதினால் கறுப்பு போனாலும் பள்ளம் போகாது, அதனால் அழிக்கும் கலையும் லேசாக எழுதுவதில்தான் இருக்கிறது. தாளை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஒரே திசையில் தேயுங்கள், முன்னும் பின்னும் தேய்த்தால் தாள் கசங்கும். ரப்பர் கறுத்துவிட்டால் சொரசொரப்பான தாளில் தேய்த்துச் சுத்தம் செய்துவிட்டு அழியுங்கள். பென்சில் பின்னால் இருக்கும் ரப்பர் நாளாகிக் கெட்டியாகி தாளைக் கிழித்தால் அதே உப்புத்தாளில் மேல்தோலைத் தேய்த்து எடுங்கள். பிளாஸ்டிக் ரப்பரை அதன் அட்டை உறையோடு வைத்திருங்கள், உறையில்லாமல் பிளாஸ்டிக் டப்பாவில் கிடந்தால் ஒட்டி இளகி இரண்டும் கெடும். பென்சில் சீவலைப் பாலில் ஊறவைத்தால் ரப்பர் ஆகும் என்று எங்கள் காலத்தில் சொன்னதை இப்போதும் பிள்ளைகள் சொல்கிறார்கள். ஆகாது, ஆனால் புத்தகத்தில் வைத்த மயிலிறகுக்குச் சீவல் போடுவதை நான் தடுப்பதில்லை.

வைக்கும் இடம்

இரும்பு ஜாமெட்ரி பாக்ஸில் பென்சிலைத் தனியாகப் போட்டு, பையை முதுகில் மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினால் ஒவ்வொரு அடிக்கும் பானை உருண்டு இடிக்கிறது என்று அர்த்தம். பாக்ஸின் அடியில் பழைய கைக்குட்டைத் துணி ஒன்றை மடித்துப் போடுங்கள், அல்லது துணிப் பவுச் வாங்குங்கள். சீவிய முனைக்குப் பழைய பேனா மூடி போட்டால் முனையும் தப்பும், பக்கத்துப் பிள்ளையின் கையில் குத்துவதும் இருக்காது. குத்திவிட்டால் விஷம் ஏறாது, கிராஃபைட்டுக்கு விஷம் இல்லை. சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள், முனை உள்ளே ஒடிந்து தங்கியிருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போய் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் சாம்பல் நிறப் புள்ளி வருடக்கணக்கில் தோலில் நிற்கும். மழையில் நனைந்த பென்சிலை நிழலில் காயவையுங்கள், ஊறிக்கொண்டே கிடந்தால் ஒட்டிய பட்டை பிளந்துவிடும்.

கட்டைப் பென்சிலை என்ன செய்வது

சுண்டுவிரல் நீளத்துக்கு வந்ததும் தூக்கிப் போடுகிறார்கள். உள்ளே இருக்கும் லெட் முதல் நாள் இருந்த அதே லெட்தான், கைக்குப் பிடி இல்லை என்பது ஒன்றுதான் குறை. பிடி கொடுத்துவிட்டால் போதும். தீர்ந்த பால்பாயின்ட் பேனாவின் கூட்டை எடுத்துப் பாருங்கள். கட்டைப் பென்சில் அதன் வாயில் இறுகப் புகுந்தால் வேலை முடிந்தது, கொஞ்சம் ஆடினால் பின்பக்கத்தில் ஒரு சுற்று தாள் சுற்றிச் செருகுங்கள். பேனா கூடு பொருந்தவில்லையா, பழைய காலண்டர் தாளில் பத்து சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு நீளப் பட்டை வெட்டி, ஒரு முனையில் கட்டைப் பென்சிலின் பின்பாதி இருக்கும்படி வைத்து, பசை தடவிக்கொண்டே இறுக்கமாகச் சுருட்டுங்கள். பென்சில் கனத்துக்கும் சற்று மேலே வந்ததும் நிறுத்தி, ஓரத்தை ஒட்டி, ஒரு ராத்திரி காயவிடுங்கள். இன்னொரு முனையில் இரண்டாவது கட்டைப் பென்சிலையும் வைத்துச் சுருட்டினால் இரண்டு பக்கமும் எழுதலாம், பிள்ளைகளுக்கு இது ரொம்பப் பிடிக்கும்.

அதுவும் தேய்ந்து அரை அங்குலத்துக்கு வந்ததும் மரத்தைக் கத்தியால் பிளந்து லெட்டை மட்டும் எடுங்கள். உப்புத்தாளில் தேய்த்தால் வரும் தூளை ஒரு சின்ன டப்பாவில் சேர்த்துவையுங்கள். இறுகிப்போன பூட்டில் எண்ணெய் விட்டால் தூசியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நாளில் மறுபடி இறுகும். இந்தத் தூளைச் சாவியில் தடவி நாலைந்து தடவை உள்ளே விட்டுத் திருப்பினால் வழுவழுவென்று திறக்கும். மின்சாரம் இருக்கும் எதற்கும் பக்கத்தில் மட்டும் கொண்டுபோக வேண்டாம், கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும். ஸ்கூல் பையில் ஜிப் மக்கர் செய்தால் மிச்சம் இருக்கும் லெட் துண்டை ஜிப்பின் பற்கள் மேல் இரண்டு பக்கமும் தேய்த்து, மெதுவாக மேலும் கீழும் இழுத்துவிட்டு, கடைசியில் ஒரு பழைய துணியால் துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் மறுநாள் யூனிபார்மில் கறுப்பாக ஒட்டிக்கொண்டு வரும்.